ஞாயிறு பத்தரை மணி, எங்கள் கிளை நூலகம்

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறிய ஊரில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு நல்ல சவாரி நேரம். முகூர்த்த நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எட்டு மாதமாக ஞாயிறு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வண்டியைக் கிளை நூலகத்து வாசலில் ஓரங்கட்டிவிடுகிறேன். அங்கே நடக்கும் கதை நேரத்துக்காகத்தான். மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது.

நடத்துவது மூன்று தன்னார்வலர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர். இன்னொருவர் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. மூன்றாவது ஒரு கல்லூரித் தம்பி. அவன் 'நூலக நண்பர்கள்' திட்டத்திலும் இருக்கிறான். நூலகம் வரை வர முடியாத வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருகிறான். மூன்று பேருக்கும் இதில் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது.

கதை சொல்வார்கள், பிள்ளைகள் கைதட்டும், அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் முதல் வாரம் போனேன். டீச்சர் பாயில் உட்கார்ந்து படப் புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தார். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே "பூனை வேகமாக ஓடியது" என்று அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தார். உடனே, "பூனை என்ன பண்ணுச்சு கண்ணு? ஓடுச்சு!" என்றார். மறுபடியும் அச்சு வரி. ஒவ்வொரு பக்கமும் இப்படியே போனது. எதற்கு இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள் என்று முடிந்த பிறகு கேட்டேன். "நாம வீட்டுல பேசற தமிழ் வேற, புத்தகத்துல இருக்கற தமிழ் வேற. அந்தத் தமிழ் காதுல விழாமயே ஒண்ணாவது போனா, எழுத்துக்கூட்டிப் படிச்சாலும் புள்ளைக்கு என்னன்னு புரியாதுங்க தம்பி" என்றார்.

எனக்கு அது சுருக்கென்று பட்டது. மூன்றாம் வகுப்பில் ஒரு பாடத்தைத் தடங்கல் இல்லாமல் சத்தமாக வாசித்தேன். வாசித்ததில் என்ன இருக்கிறது என்று வாத்தியார் கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை. அன்றைக்கு மந்தம் என்று பெயர் வாங்கினேன். என் காதுக்கு அந்தத் தமிழ் புதிது என்பதை இத்தனை வருடம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்து, "அப்பா, பால் பொங்கியது!" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரே புத்தகத்தை நான்கு வாரம் வாசிக்கிறார்கள். பெற்றோர் சிலருக்கு இது அலுப்பாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. மூன்றாவது வாரம் பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த வரியை அவர்களே சொல்கிறார்கள். டீச்சரிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று: கேள்வி கேட்டுவிட்டு அவர் பேசாமல் காத்திருப்பார். நாமாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் பதிலையும் சொல்லிவிடுவோம்.

கதை முடிந்ததும் புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துவிடுவார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் யாரும் அதட்டுவதில்லை. கிழிந்தவற்றைத் தையல் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்த் தடித்த பருத்தி நூலால் நடுவில் தைத்துக் கொண்டுவருகிறார். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்டிருக்கும் அல்லவா, அதைப் பார்த்துத் தம்பி இங்கே அட்டையில் வண்ணப் பொட்டு ஒட்டியிருக்கிறான். சிவப்புப் பொட்டு என்றால் படமே அதிகம். எனக்குத் தேடும் வேலை மிச்சம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். சிறுவர் புத்தகங்கள் இரும்பு பீரோவில் பூட்டியே இருக்கின்றன. ஞாயிறு மட்டும்தான் திறப்பு. ஒரு வாரம் சாவி வராததால் முப்பது பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாய்க்கதையாகவே சொல்லி அனுப்பினார்கள். புத்தகம் கையில் வந்தால்தானே அதன் மேல் ஆசை வரும்? மற்ற நாட்களிலும் பீரோ திறந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்ற கெட்டி அட்டைப் புத்தகங்கள் மொத்தமே நான்கு. கழிப்பறை வேண்டுமென்றால் பக்கத்து டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைகள் வரும் இடத்துக்கு இது ஆகாது. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது, ரசீதை எடுத்துப் பாருங்கள். தன்னார்வலர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மீதியைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் தன்னார்வலர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. கட்டடத்துக்கும் பீரோவுக்கும் இரண்டு.

போகிறவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைவீதிக்குக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்டால்தான் வீட்டில் நமக்கு வரும். தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள். உங்கள் உறுப்பினர் அட்டையிலேயே பிள்ளைக்கும் புத்தகம் எடுக்கலாம். மூன்று வாரமாகப் பீரோவில் காணவில்லை என்று மற்றப் பிள்ளைகள் தேடும் கரடிப் புத்தகம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.