உருவம் பழையது, உள்வேலை புதியது: ரெட்ரோ தோல் ஜாக்கெட்டுகள் ஒரு மதிப்பீடு

மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று ‘ரெட்ரோ’ என்ற அடைமொழியுடன் இன்று விற்கப்படும் தோல் ஜாக்கெட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பழைய வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்லிய தோலில் தைத்த நாகரிக உடைகள் முதல் வகை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வெட்டையும் தடித்த தோலையும் மாற்றாமல் தைத்துவரும் பழைய பட்டறைகளின் ஜாக்கெட்டுகள் இரண்டாவது வகை. பழைய தோற்றத்துக்குள் இன்றைய பாதுகாப்புத் தரத்தை அடக்கியவை மூன்றாவது வகை. கடையில் மாட்டியிருக்கும்போது மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். என் தீர்ப்பை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: சாலையில் வண்டி ஓட்டுகிறவர் மூன்றாவது வகையை வாங்க வேண்டும், இரண்டாவது வகையின்மேல் மனம் போனவர் சில நிபந்தனைகளோடு அதை வாங்கலாம், முதல் வகை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் வண்டிக்கு உரியதல்ல.

இந்த ஜாக்கெட்டுகளின் வடிவம் அலங்காரத்துக்காகப் பிறக்கவில்லை. 1928-இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் பொத்தானுக்குப் பதிலாக ஜிப் வைத்து ‘பெர்ஃபெக்டோ’ என்ற ஜாக்கெட்டை உருவாக்கினார். தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார் என்பது கேட்கச் சுவையான செய்தி. அந்த ஜிப் நடுவில் இல்லாமல் சாய்வாக ஓடுவதால் ஒரு பக்கத் தோல் மறுபக்கத்தின்மேல் படிந்து மார்பில் காற்றுப் புகாமல் தடுக்கிறது. முன்னால் குனியும்போது ஜிப் வயிற்றில் புடைப்பதும் குறைகிறது. லண்டனில் 1892 முதல் இயங்கிவரும் லூயிஸ் லெதர்ஸ் 1956-இல் வெளியிட்ட ‘பிராங்க்ஸ்’ மாதிரியும் இதே சாய்வு ஜிப் மரபைச் சேர்ந்ததே. அதே நகரில் 1950களிலும் 60களிலும் ஏஸ் கஃபே போன்ற சாலையோரக் கடைகளைச் சுற்றி வளர்ந்த கஃபே ரேசர் ஓட்டிகள் தாழ்ந்த ஹேண்டில்பாரின்மேல் கவிழ்ந்தபடி ஓட்டினார்கள். அப்படி ஓட்டுகிறவருக்குக் காற்றில் படபடக்கும் அகன்ற மடிப்புக் காலர் இடைஞ்சல். நிமிர்ந்த குட்டைக் காலரும் நேரான ஜிப்பும் உடலோடு ஒட்டிய வெட்டும் கொண்ட வடிவத்தைக் கஃபே ரேசர் என்றே நாம் இன்று அழைப்பது அதனால்தான்.

இவ்வளவு யோசித்து வடிவமைத்த அக்காலத்து ஜாக்கெட்டுகளில் இல்லாத ஒன்று ஆர்மர். தோளிலும் முழங்கையிலும் விழும் அடியை வாங்கிப் பரப்பும் அந்தப் பட்டைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1621-1 வெளியானதே 1997-இல்தான். ஆகவே பழைய ஜாக்கெட்டின் அச்சு நகலாகத் தைக்கப்பட்டது நல்ல தோலில் இருந்தால் உராய்வைத் தாங்கும், மோதலைத் தாங்காது. சில மாதிரிகளில் தோளிலும் முழங்கையிலும் வைர வடிவத் தையலிட்டுப் பஞ்சோ நுரையோ அடைத்திருப்பார்கள். பார்க்க உறுதியாகத் தோன்றும் அந்த அடைப்பை ஆர்மர் என்று எண்ணிவிடக் கூடாது.

கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தோலை அன்று, உள்ளே தைத்திருக்கும் சீட்டை. ஐரோப்பாவில் 2020 முதல் நடப்பில் உள்ள ஈஎன் 17092 என்ற தரம் மோட்டார் சைக்கிள் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று வகுக்கிறது. இவற்றில் பி என்பது ஏ வகைக்கு நிகரான உராய்வுத் தாங்கும் திறன் கொண்டது, ஆனால் ஆர்மர் இல்லாதது. சி என்பது ஆர்மரை உடலில் பிடித்து வைப்பதற்கு மட்டுமான உள்ளுடை. சோதனையில் துணி அல்லது தோலின் துண்டைச் சுழலும் கரத்தில் பொருத்திக் கான்கிரீட் பரப்பின்மேல் விடுகிறார்கள்; அது தேய்ந்து நிற்பதற்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் துளை விழக் கூடாது. தோள், முழங்கை போல முதலில் தரையில் படும் பகுதிகளுக்கு ஏஏஏ வகையில் மணிக்கு 120 கிலோமீட்டர், ஏஏ வகையில் 70, ஏ வகையில் 45 என்ற வேகத்துக்கு இணையான சுழற்சியில் இது நடக்கிறது. இவை ஆய்வகத்து வேகங்கள். ஏஏ ஜாக்கெட் அணிந்தவர் 70 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஆனால் ஒரு ஜாக்கெட்டை இன்னொன்றோடு ஒப்பிட இதைவிடத் தெளிவான அளவுகோல் வாங்குபவருக்குக் கிடைப்பது அரிது.

விற்பனையில் அடிக்கடி நடக்கும் ஒரு சாமர்த்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ‘சிஇ ஆர்மர் பொருத்தப்பட்டது’ என்று விளம்பரத்தில் இருக்கும்; சிஇ என்பது ஐரோப்பியத் தரச் சான்றின் குறி. படிப்பவர் ஜாக்கெட்டே சான்று பெற்றது என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் உள்ளே செருகிய நான்கு பட்டைகளுக்கு மட்டுமே சான்று இருக்கலாம். அவற்றைச் சுற்றியுள்ள தோலும் தையலும் எந்தச் சோதனைக்கும் போயிருக்காது. ஜாக்கெட்டின் சொந்தச் சீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சின்னமும், ஈஎன் 17092 என்ற எண்ணும், வகுப்பெழுத்தும் சேர்ந்து இருந்தால்தான் முழு உடைக்கும் சான்று உண்டு என்று பொருள். இதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கையால் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய மோட்டோகேப் என்ற திட்டம் சந்தையில் உள்ள உடைகளைத் தானே சோதித்துப் பாதுகாப்புக்கும் வெப்ப வசதிக்கும் தனித்தனியாக நட்சத்திரம் கொடுக்கிறது. நீங்கள் கண் வைத்த மாதிரி அந்தப் பட்டியலில் இருந்தால் விளம்பரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஆர்மரிலும் படிநிலை உண்டு. தோள், முழங்கைப் பட்டைகளை 50 ஜூல் ஆற்றலில் அடித்து, மறுபுறம் கடந்து வரும் விசையின் சராசரியை அளக்கிறார்கள். அது 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20-க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. வேறுபாடு சிறியதன்று என்பதை எண்களே காட்டுகின்றன. ஆயினும் ரெட்ரோ ஜாக்கெட்டின் ஒட்டிய கோட்டைக் கெடுக்காதிருக்கப் பல நிறுவனங்கள் மெல்லிய முதல்நிலைப் பட்டைகளையே வைக்கின்றன. பரப்பளவு குறைந்த ‘டைப் ஏ’ பட்டைகளும் இதில் அதிகம். இது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை, ஏனெனில் பைக்குள் இருக்கும் பட்டையைக் கழற்றி மேலான ஒன்றைப் பின்னர் செருகிக்கொள்ளலாம். பை சரியான இடத்தில் இல்லாவிட்டால்தான் எதுவும் செய்ய முடியாது. முழங்கைப் பை முன்கையின் ஒரு பகுதி வரை இறங்கியிருக்க வேண்டும். முதுகுப் பைக்குள் பெரும்பாலும் வெறும் நுரைத்தாள்தான் இருக்கும். முதுகுப் பட்டைக்கு ஈஎன் 1621-2 என்ற தனித் தரம் இருக்கிறது. அதில் முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9 கிலோநியூட்டன் என்று அளவு இன்னும் கடுமையானது. அந்த எண் இல்லாத தாளை எடுத்துக் குப்பையில் போடலாம்.

தோலைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முடியாது, ஏனெனில் வாங்குபவர் மனத்தை மயக்குவது அதன் தொடுதலும் மணமும்தான். மாட்டுத்தோல் 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் போதும். நாகரிக ஜாக்கெட்டுகள் 0.6 முதல் 0.9 வரை நின்றுவிடுகின்றன. குதிரைத்தோல் நெருக்கமான நாரமைப்புக் கொண்டது, முதலில் பலகைபோல் விறைத்திருக்கும். வெள்ளாட்டுத்தோல் எடைக்கு மிஞ்சிய உறுதி உடையது. செம்மறித்தோல் பட்டுப்போல் மென்மையானது, எளிதில் கிழிவது. கடையில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதுதான் முதலில் பிடிக்கும் என்பது என் ஊகம். கங்காரு தோல் மெல்லியதாக இருந்தும் வலிமை மிக்கதாகையால் பந்தய உடைகளுக்குப் போகிறது, ரெட்ரோ வகையில் அபூர்வம். விலங்கின் பெயரைவிட முக்கியமானது, தோலின் மேற்பரப்பு முழுமையாக விடப்பட்டிருக்கிறதா என்பது. பழமையாகத் தோன்றச் செய்வதற்காகத் தேய்த்தும் உரசியும் வெளுக்க வைத்த ஜாக்கெட்டுகளில், சாயப்பூச்சு மட்டும் நீக்கப்பட்டிருந்தால் குற்றமில்லை. தோலின் மேலடுக்கையே சுரண்டியிருந்தால், சாலை செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டது என்று பொருள். மெழுகும் எண்ணெயும் ஏற்றி, மடிக்கும் இடத்தில் நிறம் வெளிறுமாறு பதனிட்ட தோல் இதே தோற்றத்தைச் சேதமின்றித் தருகிறது.

நல்ல தோலும் தையல் விட்டால் பயனில்லை. விழுந்து சறுக்கும்போது பிரிவது பெரும்பாலும் இரண்டு துண்டுகள் சேரும் கோடுதான். 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், விபத்துக்குள்ளானவர்கள் அணிந்திருந்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று சேதமடைந்து காப்பளிக்கத் தவறியதாக மதிப்பிடப்பட்டது. அவை மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே துண்டுகள் குறைவாக உள்ள ஜாக்கெட்டே மேல்: முதுகு ஒரே துண்டாக இருப்பதும், கையின் வெளிப்புறம் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இடையில் வெட்டில்லாமல் வருவதும் நல்ல அடையாளங்கள். வெளியே தெரியும் நூல் தரையில் உரசி அறுந்தாலும், மடிப்புக்குள் மறைந்த இன்னொரு வரிசை பிடித்து நிற்க வேண்டும். நூல் நைலானாகவோ பாலியஸ்டராகவோ இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்.

கஃபே ரேசர் ஜாக்கெட்டின் கையில் ஓடும் பந்தயக் கோடுகளைப் பலரும் வெறும் அலங்காரமாகவே பார்க்கிறார்கள். முழுத் தோலின்மேல் இன்னொரு பட்டையாக ஒட்டித் தைத்த கோடு கூடுதலாக ஓர் அடுக்கைத் தருகிறது. கையையே வெட்டி, நிற வேறுபாடுள்ள துண்டுகளை இடையில் சேர்த்துத் தைத்த கோடு, முழங்கை தரையில் படும் அதே இடத்தில் வரிசை வரிசையாகத் தையலை வைக்கிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படுகிறதா, உட்புறம் திருப்பினால் இணைப்புத் தெரிகிறதா என்பதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். என் மதிப்பெண்ணில் கோடில்லாத கைக்கே முதலிடம். தோள்பட்டை வார், இடுப்பு பக்கிள் ஆகியவற்றுக்கும் இதே பார்வை வேண்டும். பக்கிள் பெட்ரோல் டேங்கைக் கீறும் என்பது சிறிய குறை, விழும்போது இடுப்பெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஓர் உலோகத் துண்டு இருக்கும் என்பது பெரிய குறை.

அளவை நின்றபடி பார்ப்பதில் பயனில்லை. கண்ணாடியின் முன் அழகாகப் பொருந்தும் ஜாக்கெட், ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கை மூன்று விரல் மேலே ஏறி, முதுகின் அடிப்பகுதியைத் திறந்து காட்டும். குட்டையான இடுப்பு ரெட்ரோ வெட்டின் பிறவிக் குணம் என்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. வண்டியின்மேல் அமர்ந்து, கையை நீட்டி, முழங்கைப் பட்டை எலும்பின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மற்றவர் ஒருவர் ஜாக்கெட்டின் கையைப் பிடித்துத் திருகினால் பட்டை இடம் மாறக் கூடாது. தோளின் பின்புறம் விரிந்து கொடுக்கும் மடிப்பு இருந்தால் ஒட்டிய அளவையும் வசதியாக அணியலாம். பேன்ட்டோடு இணைக்கும் ஜிப் பின்புறத்தில் இருப்பது, சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருளாமல் தடுக்கும் முக்கிய ஏற்பாடு. தோல் நாளடைவில் உடலுக்கேற்ப நெகிழும் என்பதால் புதிதில் சற்று இறுக்கமாக இருப்பது சரியே, ஆனால் நீளம் ஒருபோதும் அதிகரிக்காது. குட்டையான கை குட்டையாகவே இருக்கும்.

நான் இப்போது அணிவது ஏஏ வகுப்புச் சான்றும் 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோலும் கொண்ட, கோடில்லாத கஃபே ரேசர் வெட்டு. நேர் ஜிப்பின் பின்னால் காற்றைத் தடுக்கும் தோல் மடிப்பு இருக்கிறது. காலரின் பிரஸ் பட்டன் ஹெல்மெட் வாரோடு உரசுவது மட்டும் எரிச்சல். எடை இரண்டு கிலோவைத் தாண்டும் என்பதால் வண்டியை நிறுத்திவிட்டுக் கையில் தூக்கித் திரிய ஏற்றதல்ல. வெயிலில் நிற்கும்போது இதன் உள்ளே இருப்பது தண்டனைதான். நுண்துளையிட்ட தோல் வெப்பத்துக்கு நல்ல தீர்வு, ஆனால் துளைகள் மார்பிலும் அக்குளிலும் இருக்கலாமே தவிர, தோளிலும் முழங்கையிலும் இருக்கக் கூடாது. ஏஏஏ வகுப்பையும் அணிந்து பார்த்தேன். காப்பு கூடுதல் என்பதில் ஐயமில்லை, எனினும் நகரத்துக்குள் அதை அணிந்து ஓட்டுகிறவர் விரைவில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்குவார் என்பது என் கணிப்பு.

இனி அந்த இரண்டாவது வகை, அதாவது உண்மையான பழைய ஜாக்கெட் அல்லது அதன் அச்சு நகல். சாய்வு ஜிப்பும் அகன்ற காலரும் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், ஆர்மர் வைத்துத் தைத்த மெல்லிய உள்ளுடை ஒன்றை வாங்கி, அதை அணிந்தபடியே ஜாக்கெட்டின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஈஎன் 17092-இன் சி வகுப்பு இதற்காகவே இருக்கிறது. பிறர் பயன்படுத்திய ஜாக்கெட் என்றால், அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் தோலைக் கிள்ளி மடித்துப் பார்க்க வேண்டும்: வெடிப்பு மேற்பூச்சோடு நின்றால் எண்ணெயிட்டுக் காப்பாற்றலாம், நார் தெரியும் அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தால் அந்த ஜாக்கெட் சுவரில் மாட்டத்தான் ஆகும். தோல் நன்றாக இருந்து நூல் மட்டும் இற்றிருந்தால், தோல் வேலை தெரிந்த தையற்காரரிடம் கொடுத்து முக்கிய இணைப்புகளை நைலான் நூலில் மறுபடி தைத்துக்கொள்ளலாம். பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் சொல்ல வேண்டும், புதிய துளைகளை அருகருகே போட்டால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.