மூன்று ஆண்டுகளாக என் கையில் இருக்கும் ரிஃப்ராக்டோமீற்றர்

உப்புவெளியில் புதிதாகக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர், தம் மீன்களில் வெண்புள்ளி கண்டதும், "அண்ணா, உங்களிட்ட இருக்கிற மாதிரி ரிஃப்ராக்டோமீற்றர் ஒண்டு வாங்கலாமோ?" என்று கேட்டார். நீரில் ஒளி முறியும் அளவைக் கொண்டு அதன் உவர்ப்பைக் காட்டும் கைக்கருவி அது. ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

முன்னர் நான் நம்பியிருந்தது முள் அசையும் பிளாஸ்ரிக் நீரமானி. பவளமோ இறாலோ இல்லாத தனித்தொட்டியில் நீரின் சாரடர்த்தியை (நன்னீரை 1 எனக் கொண்ட அடர்த்தி; உப்புக் குறைய இதுவும் குறையும்) 1.009 அளவுக்குத் தாழ்த்தி நான்கு கிழமை வைத்திருந்தால் வெண்புள்ளியை உண்டாக்கும் கிரிப்ரோகரியொன் ஒட்டுண்ணி தாங்காது, மீன் தாங்கும். நானும் அப்படியே செய்தேன். சில நாட்களில் புள்ளிகள் மறைந்தன. அவை செத்து மறையவில்லை, மீனை விட்டிறங்கி அடியில் கூடுகட்டிப் பெருகப் போயிருந்தன என்பது அவை பன்மடங்காகத் திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. புதிய கருவி வந்ததும் அதே நீரைப் பார்த்தேன்: 1.013. முள்ளில் படிந்த உப்பின் பாரம் அதைக் கீழே இழுத்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

இரண்டாம் முறை ரிஃப்ராக்டோமீற்றரைப் பார்த்துச் செய்ததில் நோய் முற்றாக நீங்கியது. மார்கழி வெள்ளத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் நாட்களில், நான் அள்ளிவந்த கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 35க்குப் பதிலாக 29 என்று காட்டி, மீன்களை இன்னொரு அதிர்ச்சியிலிருந்து காத்ததும் இதுவே.

ஆனால் இதன் பூச்சியம் நிலைத்து நிற்பதில்லை. காலையில் காய்ச்சி வடித்த நீரில் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தால், மாலையில் கோடு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். சிகிச்சை நடக்கும் நான்கு கிழமையும் நாளுக்கு இருமுறை அந்தச் சிறு திருகாணியோடு மல்லுக்கட்டி என் பொறுமை தேய்ந்துவிட்டது. போதாததற்கு, இத்தகைய மலிவான கருவிகள் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்கன்றிக் கறியுப்புக் கரைசலுக்கு வகுக்கப்பட்டது. ஆகையால் 35 இருக்கும் இடத்தில் ஒன்றரை வரை கூடுதலாகக் காட்டும். குறைந்த உவர்ப்பில் அந்தப் பிழை சுருங்கிவிடுவதால் ஒட்டுண்ணிச் சிகிச்சைக்குக் குறையில்லை என்பதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

நேற்றும் கோடு நகர்ந்திருந்தது. அந்த எரிச்சலில் தம்பியிடம் வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை ஒரு மாதம் இரவல் தாருங்கள் என்றார். கொடுக்க மனம் வரவில்லை.