வயநாட்டு நிவாரணம் என்று சொல்லி எங்களிடம் வாங்கிய 38,500 ரூபாய்: நன்கொடை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனதை அடுத்து, எங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் சேர்ந்து 38,500 ரூபாய் திரட்டினோம். துப்புரவுப் பணியாளர் அம்மா கொடுத்த ஐந்நூறும் அதில் அடக்கம். அதில் ஒரு ரூபாய்கூட வயநாட்டுக்குப் போகவில்லை. வாங்கியவர், வாட்ஸ்அப் குழு வைத்து நன்கொடை திரட்டும் ஓர் அறக்கட்டளையின் நிர்வாகி.

கேரள முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அனுப்புவதாகத்தான் முடிவு செய்திருந்தோம். அந்த நிதிக்குப் பணம் போடாதீர்கள் என்ற பிரச்சாரம் அப்போது சமூக ஊடகங்களில் சூடாக நடந்துகொண்டிருந்தது. அப்படி எழுதியவர்கள் மீது கேரள காவல்துறை வழக்குகளும் பதிவு செய்தது. இந்த மனிதர் அந்தச் சூட்டில்தான் எங்களிடம் வந்தார். "அங்க போட்டா கட்சிக்காரங்க பாக்கெட்டுக்குத்தாங்க டீச்சர் போகும். நாங்க அரிசியா வாங்கி முகாமுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்" என்றார். அந்த நிதி குறித்து, ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவில் வழக்கு நடந்ததைச் சொன்னவர், 2023-இல் அது தள்ளுபடியானதைச் சொல்லவில்லை. மோசடிக்காரர்கள் பயன்படுத்திவிடக்கூடும் என்று கேரள அரசு தன் நிதிக்கான கியூஆர் குறியீட்டைத் திரும்பப் பெற்றதையும், "அவங்களுக்கே நம்பிக்கை இல்லை பாருங்க" என்று தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார். எங்களில் எதிர்த் தரப்பு அரசியல் பேசும் ஆசிரியர் ஒருவரிடமோ, பிரதமரைத் தலைவராகக் கொண்டு 2020-இல் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிவாரண நிதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று ஒன்றிய அரசு கூறுவதை எடுத்துப் பேசினார். யாருக்கு எந்த அரசின் மீது சந்தேகமோ அதை அவரவரிடம் ஊதிவிட்டு, கட்சி சாராத ஒரே ஆள் தான்தான் என்று எல்லோரையும் நம்ப வைத்தார்.

பணம் அனுப்பும்போது திரையில் தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "பொருளாளர் பேருங்க, டிரஸ்ட் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு" என்றார். 38,500 ரூபாய் போனவுடன் ரசீது வந்தது, நன்றி வந்தது, அரிசி மூட்டைகளின் படமும் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மூட்டைகள் மடிந்து சரிந்திருக்க, அவற்றின் மேல் உள்ள பதாகையின் எழுத்துகள் மட்டும் ஒரு சுருக்கமும் இல்லாமல் நேர்க்கோட்டில் நிற்கின்றன. மேப்பாடி முகாமில் உதவிக்கு நின்ற உறவினர் ஒருவரைக் கேட்டோம். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார். ரசீதில் இருந்த 80ஜி பதிவு எண்ணை (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதற்கான பதிவு) வருமான வரித் துறையின் இணையதளத்தில் தேடினால், அது வேறு மாநிலத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு உரியது.

கணக்குக் கேட்டபோது முதலில் "ஆடிட்டர் ஊர்ல இல்லைங்க" என்றார். பிறகு, மார்ச்சில்தான் கணக்கு முடியும் என்றார். விடாமல் கேட்டதும், "நீங்க எந்தக் கட்சி? அரசாங்க நிதிக்குக் கணக்கு கேட்டீங்களா?" என்று குழுவில் எல்லோர் முன்னிலையிலும் எழுதினார். அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட எங்களைக் கட்சியின் கூலிகள் என்று திட்டத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். எங்களுடைய கேள்வி 38,500 ரூபாய்க்கான அரிசி எங்கே என்பது மட்டும்தான். அதற்குக் கட்சி எதற்கு? எனக்கு ஆறவே இல்லை. இரு தரப்பு நிதிகளையும் சந்தேகிக்கச் சொல்லிக் கொடுத்தவர், தன்னைச் சந்தேகித்தால் மட்டும் அதை அரசியல் என்கிறார். புகார் கொடுக்கப் போன இடத்திலும், "நீங்களா விரும்பிக் கொடுத்த பணம்தானே மேடம்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். எழுதி வாங்கவைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

அவசரமாகச் சில விஷயங்கள். அறக்கட்டளை என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயரில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே 80ஜி எண்ணைச் சரிபாருங்கள். உண்மையான பதிவுள்ள நிறுவனமாக இருந்தால், நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள் 10பிஇ படிவத்தில் நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும், வெறும் ரசீது போதாது. ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம்.

இதே மாதிரியான குழுவில் வயநாட்டுக்கென்று பணம் போட்டவர்கள், பரிவர்த்தனை எண்ணையும் உரையாடல்களையும் இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் பழைய செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார்.