கான்கிரீட் பம்ப் லைன்: வடசென்னைச் சந்துகளில் 6 வருட அனுபவம்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் 4, 5 மாடிக் கட்டடங்களுக்கு சைட் இன்ஜினியராக இருக்கிறேன். பூம் பம்ப் (நீண்ட மடக்குக் கை வைத்த கான்கிரீட் பம்ப் லாரி) தன் கால்களை விரித்து நிற்க இந்தத் தெருக்களில் இடம் கிடையாது. அதனால் தெருவில் ஒரு பம்ப், அங்கிருந்து 125 மி.மீ. பைப்லைன்.

முதல் வருடம் லைன் போடுவதைப் பம்ப் ஆட்களிடமே விட்டுவிட்டேன். ஒரு மே மாதம், நான்காவது தளம், வழியில் 7 பெண்டு (வளைவு பைப்). பதினொரு மணி வெயிலில் லைன் அடைத்துக்கொண்டது. 3 மீட்டர் பைப் ஒன்றுக்குள் மட்டும் ஏறக்குறைய 90 கிலோ கான்கிரீட் இருக்கும். அதை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டி முடிப்பதற்குள் பாதித் தளம் இறுகி, கோல்ட் ஜாயின்ட் (பழைய கான்கிரீட்டோடு புதியது ஒட்டாத இணைப்பு) விழுந்துவிட்டது. ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின், முந்தின நாளே லைனைக் காகிதத்தில் வரையாமல் கான்கிரீட் போடுவதில்லை.

முதலில் பெண்டுகளை எண்ணுவேன். ஒரு 90 டிகிரி பெண்டை 3 மீட்டர் நேர் பைப்பாகக் கணக்கு வைக்கிறேன். பம்பை நாலடி தள்ளி நிறுத்தினாலே இரண்டு பெண்டு மிச்சமான சைட்டுகள் உண்டு. மேலே ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.25 பார் அழுத்தம் கூடுவதால், பம்பை ஒட்டியே லைனை நிமிர்த்தக் கூடாது. மேலே நிற்கும் கான்கிரீட்டின் பாரம் அப்படியே பம்ப் மேல் இறங்கும். நம் மனைகள் ஒடுங்கி நீளமானவை, இதற்கு அதுவே வசதி. பக்கச் சந்து வழியாகப் பின்புறம் வரை படுக்கையாக ஓட்டி, அங்கே ஏற்றுகிறேன். தளத்தில் கான்கிரீட் போடுவதைத் தெருப்பக்கம் தொடங்கிப் பின்னால் வரவர, பைப்பைக் கழற்றிக்கொண்டே வரலாம். நடுவில் பைப் சேர்க்கும் வேலையே இல்லை.

ஏறுகிற லைனை சென்ட்ரிங்கில் (தளத்தைத் தாங்கும் தற்காலிகப் பலகை, முட்டுகளில்) கட்ட விடமாட்டேன், இறுகிய தூணில்தான். தளத்தில் பழைய டயர் மேல் பைப், அதன் மேல் ஈரச் சாக்கு. அடைத்தால் ரிவர்ஸ் போட்டு அழுத்தம் இறங்கிய பிறகே கிளாம்பில் (இரண்டு பைப்பை இணைக்கும் பூட்டில்) கை வைக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது.

வாடகை லைனில் இன்னும் தீராத குறை, கிளாம்ப் ரப்பர். அது ஒழுகினால் சிமெண்ட் பால் வெளியேறி, ஜல்லி உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்புறம் அடைப்புதான். பத்து புது ரப்பரை எப்போதும் நானே வாங்கி சைட்டில் வைத்திருக்கிறேன்.