ரேடியஸ் சர்வர் புள்ளிவிவரம்: ஸ்டேட்டஸ் கேள்வியா, லாக் அலசலா?

நெட்வொர்க்கில் நுழையும் பயனர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் சர்வரைக் கண்காணிக்க, ஸ்டேட்டஸ்-சர்வர் பாக்கெட் (சர்வரின் நிலையைக் கேட்கும் செய்தி) அனுப்பி ஏற்பு, மறுப்பு போன்றவற்றின் எண்ணிக்கைகளைக் கேட்பதா, லாக் கோப்புகளை அலசுவதா என்ற தயக்கம் பலருக்கும் உண்டு.

சுமை: ஸ்டேட்டஸ் முறையில், சர்வர் ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கும் எண்ணிக்கைகள் ஒரே பதிலில் வந்துவிடும். லாக் முறையில் ஒவ்வொரு வரியையும் படித்துப் பிரித்தாக வேண்டும்.

அமைப்பு: முன்னதற்கு, ஃப்ரீரேடியஸுடன் வரும் ஸ்டேட்டஸ் விர்ச்சுவல் சர்வரை (இந்தக் கேள்விகளுக்கென உள்ள அமைப்புப் பகுதி) இயக்கினால் போதும், அது இயல்பாக 127.0.0.1 முகவரியில், 18121 போர்ட்டில் கேட்கும். (மாதிரி ரகசியச் சொல்லை உடனே மாற்றிவிடுங்கள்.) பின்னதில், வரியின் வடிவம் மாறினால் பார்சரையும் (வரியைப் பிரித்துப் படிக்கும் நிரல்) திருத்த வேண்டியிருக்கும்.

விவரம்: இங்கேதான் லாக் முந்துகிறது. மறுப்புகள் திடீரென ஏறும்போது, பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்த ஒரே கைப்பேசி திரும்பத் திரும்ப மோதுகிறதா, அல்லது பின்னால் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரே விழுந்துவிட்டதா என்பதை வெறும் எண்ணிக்கை சொல்லாது. பயனர் பெயரும் மறுப்புக்கான காரணமும் லாக்கில்தான் கிடைக்கும்.

தொடர்ச்சி: சர்வரை மறுதொடக்கம் செய்தால் எண்ணிக்கைகள் பூச்சியத்துக்குத் திரும்பும். லாக் நிலைத்திருக்கும்.

வரைபடத்துக்கும் எச்சரிக்கைக்கும் ஸ்டேட்டஸ் முறையே என் தேர்வு; தணிக்கைக்கும் பயனர் புகார்களை ஆராய்வதற்கும் லாக் பொருந்தும்.