உலர்த்தியின் சூட்டைப் படிக்க எந்த வழி? லினக்ஸ் எஸ்பிஐ டிரைவர்கள் ஓர் ஒப்பீடு

ஏற்காட்டில் காபி பறிப்புக் காலத்தில் பனி இறங்கிவிட்டால் களத்தில் பரப்பியது சீக்கிரம் காயாது. சூடான காற்று ஊதும் உலர்த்தி வைத்திருக்கும் தோட்டங்களில் கவலை வேறு மாதிரி: சூடு ஏறினால் காபியின் தரம் போய்விடும். அதனால் இரவு முழுக்க சூட்டை அளந்து பதிந்துவைக்க ஒரு பெட்டி தேவைப்படுகிறது. லினக்ஸ் ஓடும் சிறு கணினியான ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளால் ஆன சூடு உணரி), நடுவில் அதன் சிக்னலை எண்ணாக்கும் மேக்ஸ்31855 சிப். வன்பொருள் அவ்வளவுதான்.

இந்தச் சிப் எஸ்பிஐ பஸ்ஸில் பேசும்; கணினியும் சிப்பும் பிட்களைப் பரிமாறும் கம்பித்தொடர் அது. கிளாக் (தாளத் துடிப்பு), டேட்டா, சிப் செலக்ட் (எந்தச் சிப் பேச வேண்டும் என்று சொல்வது) என்று மூன்றே சிக்னல் கம்பிகள். சிப்புக்கு நாம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை என்பதால் கணினியிலிருந்து சிப்புக்குப் போகும் மோசி கம்பி கிடையாது. சிப் செலக்டைத் தாழ்த்தி 32 முறை கிளாக் கொடுத்தால் 32 பிட் வந்து விழும். அதை லினக்ஸில் யார் வாங்கிப் பிரிப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது: ஸ்பைடெவ் (எஸ்பிஐயை நம் நிரலுக்கு நேரடியாகத் திறந்துவிடும் வாசல்) வழியாக நாம் எழுதும் பைத்தான் நிரலா, லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கும் டிரைவரா? பிட்பேங் என்ற மூன்றாவது பெயரும் இந்தப் பேச்சில் அடிபடும். அது வேறு அடுக்கு, பிறகு வருகிறேன்.

ஸ்பைடெவ்வைத் தொடங்குவது சுலபம். பையின் பூட் கான்ஃபிக் கோப்பில் எஸ்பிஐயை இயக்கும் ஒரு வரியைச் சேர்த்து ரீபூட் செய்தால், டெவ் கோப்பகத்தில் ஸ்பைடெவ்0.0, ஸ்பைடெவ்0.1 என்று இரண்டு வரும், சிப் செலக்டுக்கு ஒன்றாக. மேசையில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. பையின் மோசியையும், உள்ளே வரும் கம்பிக்கான மிசோவையும் ஒரு கம்பியால் இணைத்து, அனுப்பிய பைட் அப்படியே திரும்புகிறதா என்று பார்த்தால் பஸ்ஸை ஓட்டும் கன்ட்ரோலர் சரியா என்று உடனே தெரிந்துவிடும். டிரைவரே எழுதப்படாத புதிய சிப் என்றாலும் ஸ்பைடெவ்தான் முதல் துணை.

ஆனால் உலர்த்திக்கு அது போதாது என்பேன். காரணம் அந்த 32 பிட்டுக்குள் இருக்கிறது. மேல் 14 பிட் தெர்மோகப்பிளின் வெப்பநிலை, ஒரு படி 0.25 டிகிரி. 16ஆம் பிட் (வலக்கடைசியைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால்) பழுதைச் சொல்வது. கடைசி மூன்று பிட்களில் என்ன பழுது என்று இருக்கும்: கம்பி அறுந்ததா, கிரவுண்டைத் தொட்டதா, சப்ளையைத் தொட்டதா. அவசரத்தில் எழுதும் நிரல் 18 பிட் வலப்பக்கம் நகர்த்தி 0.25ஆல் பெருக்கிவிட்டுப் போய்விடும், 16ஆம் பிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது குறியையும் நாம்தான் கவனிக்க வேண்டும். ராத்திரி கம்பி கழன்றாலும் பதிவில் ஏதோ ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஒருவர் விறகு தள்ளுவார்.

கெர்னலில் சென்சார்களுக்கான ஐஐஓ பிரிவில் மேக்ஸிம் தெர்மோகப்பிள் என்ற டிரைவர் இருக்கிறது. கெர்னலை அமைக்கும் மெனுகான்ஃபிக்கில் ஐஐஓவின் வெப்பநிலை சென்சார்களுக்குக் கீழே தேடினால் கிடைக்கும். இது 16ஆம் பிட்டைப் பார்க்கிறது. பழுது என்றால் எண்ணே தராது, படிக்கும் அழைப்பு பிழையோடு திரும்பும். சரியாக இருந்தால் கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ரா மதிப்பும் (சிப் தந்த எண்) ஸ்கேலும் (அதைப் பெருக்க வேண்டிய எண்) கிடைக்கும். ரா 164, ஸ்கேல் 250 என்றால் 41,000 மில்லி டிகிரி, அதாவது 41 டிகிரி. ஷெல் ஸ்கிரிப்டே போதும்.

“சார், நம்பர் வரலைங்க, எர்ரர்னு நிக்குதுங்க” என்று மேஸ்திரி போன் செய்தால் எனக்கு நிம்மதி. போய்க் கம்பியைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். தவறான எண் ஓடியிருந்தால் அந்த போனே வந்திருக்காது.

இதற்கு விலை, டிவைஸ் ட்ரீ (எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) படிக்கத் தெரிய வேண்டும். எந்தச் சிப், எந்த சிப் செலக்ட், அதிகபட்ச கிளாக் எவ்வளவு (இந்தச் சிப்புக்கு 5 மெகாஹெர்ட்ஸ்) என்பதை அங்கே எழுத வேண்டும். பையில் மேக்ஸ்தெர்ம் என்ற ஓவர்லே (டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கும் ஒட்டுக் கோப்பு) இதைச் செய்துவிடும். சொந்தமாக ஓவர்லே எழுதுகிறவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு: அதே சிப் செலக்டில் ஸ்பைடெவ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதை முடக்காவிட்டால் கெர்னலின் செய்திப் பதிவான டீமெசெக்கில் சிப் செலக்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று வரும், டிரைவர் ஏறாது. மெயின்லைன் கெர்னலில் (பைக்கான தனிப் பதிப்பு அல்லாத மூலக் கெர்னல்) கதை தலைகீழ்: ஸ்பைடெவ் என்ற வெறும் பெயரை டிவைஸ் ட்ரீயில் போட்டால் அது ஏற்பதே இல்லை. அங்கே எழுத வேண்டியது வன்பொருளின் பெயர், ஸ்பைடெவ் ஒரு மென்பொருள் இடைமுகம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அப்புறம் பிட்பேங். ஸ்பைடெவ்வும் ஐஐஓ டிரைவரும் பஸ்ஸின் மேலே உட்காருபவை. பிட்பேங் செய்யும் எஸ்பிஐ-ஜிபிஐஓ டிரைவர் என்பது பஸ்ஸை ஓட்டும் கன்ட்ரோலரின் இடத்தில் நிற்பது. சாதாரண பின்களை மென்பொருளே ஏற்றி இறக்கிக் கிளாக் உண்டாக்கும். வேகம் குறைவு, சிபியுவுக்கும் வேலை. டிஸ்ப்ளேவுக்கு வேண்டாம். விநாடிக்கு ஒரு தடவை 32 பிட் படிக்கிற நம் வேலைக்குத் தாராளம். வன்பொருள் எஸ்பிஐ பின்களை வேறு எதாவது பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் இதை எடுங்கள். இதன் மேலேயும் அதே ஐஐஓ டிரைவர் ஓடும், நிரலில் ஒரு வரியும் மாறாது.

டிரைவர் மாட்யூலா (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பு), கெர்னலுக்குள்ளேயேவா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். சென்சாருக்கு மாட்யூல் போதும், தானே ஏறிக்கொள்ளும். ரூட் ஃபைல்சிஸ்டமே எஸ்பிஐ ஃபிளாஷில் இருக்கிற போர்டு என்றால் கன்ட்ரோலர் டிரைவரும் ஃபிளாஷ் டிரைவரும் உள்ளேயே இருப்பதுதான் நேர்வழி. இல்லையென்றால் பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அவற்றைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பூட் பாதியில் நிற்கும்.

எந்த டிரைவர் போட்டாலும் வயரிங்கில் இரண்டைப் பாருங்கள். உலர்த்தியின் உடம்பு இரும்பு. முனை உறையோடு ஒட்டிய தெர்மோகப்பிள் அதைத் தொட்டால் இந்தச் சிப் கிரவுண்ட் பழுது என்றே சொல்லும், அதனால் முனை தனிமைப்படுத்திய வகையாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்பிஐ கம்பியை நீட்டாதீர்கள்; சிப்பைப் பைக்குப் பக்கத்திலேயே வைத்து, உலர்த்தி வரைக்கும் போகும் நீளத்தைத் தெர்மோகப்பிள் கம்பிக்கு விட்டுவிடுங்கள்.