பழைய பாய்மர போட்டுக்கு சுக்கான் பிடிக்கப் போறது யாரு: விண்ட்வேனா ஆட்டோபைலட்டா?

எங்க போட் ஒரு ரைவல் 34, 1970கள்ல இங்கிலாந்துல கட்டுனது, இப்போ மலேசியாவுல லங்காவி தீவுல கரையேத்தி முட்டுக் கொடுத்து நிக்குது. வடகிழக்குக் காத்து இருக்கும்போதே கிளம்பி அந்தமான் கடலத் தாண்டி இலங்கையில காலிக்குப் போய்ச் சேரணும், கிட்டத்தட்ட 1,200 கடல் மைல், ஒரு நாளைக்கு 120 மைல் ஓடுனாலே எங்க கிழவிக்கு அது பெரிய விஷயம், ஆக பத்து நாள். ஆளு ரெண்டே பேரு. பத்து நாளும் மாத்தி மாத்தி டில்லர, அதாவது சுக்கானத் திருப்புற கைத்தடிய, பிடிச்சுக்கிட்டு உக்காந்தோம்னா காலியில இறங்கும்போது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டோம்.

பாய், பாய்மரத்தப் பிடிச்சு நிறுத்துற கம்பி கயிறு, கடல் தண்ணி வால்வு எல்லாத்துலயும் சண்டையில்லாம ஒத்துப் போயிட்டோம். ஆளில்லாம சுக்கானத் தானாப் பிடிக்கறதுக்கு காத்துல ஓடுற விண்ட்வேன் போடுறதா, கரன்ட்ல ஓடுற ஆட்டோபைலட் போடுறதா, இது ஒண்ணுலதான் இழுபறி. என் பார்ட்னர் தொழிலே எலக்ட்ரீஷியன், அவன் ஒரே பேச்சு, "அண்ணே, பட்டனத் தட்டுனா ஓடுற காலத்துல காத்தாடி வெச்சு ஓட்டணும்ங்கிறீங்களே".

அவன் சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. கீழ்த்தளத்துல மாட்டுற ஆட்டோபைலட்டு திசைகாட்டி சொல்ற டிகிரிய அப்படியே பிடிச்சு ஓடும், காத்து இருந்தாலும் இல்லாட்டியும், எஞ்சின்ல போனாலும். மலாக்கா ஜலசந்தியில பாதி நேரம் காத்தே இருக்காது, கப்பலும் மீன் வலையும் மட்டும்தான் இருக்கும், அங்க விண்ட்வேன் சும்மா தொங்கிக்கிட்டுக் கெடக்கும்.

ஆனா பேப்பரும் பேனாவும் எடுத்து கணக்கு போட்டதும் கொஞ்சம் அமைதியாயிட்டான். நம்ம சைஸ் போட்டுக்கு அலையில சராசரி 4 ஆம்ப் இழுக்குதுன்னு வெச்சாலும் 24 மணி நேரத்துக்கு 96 ஏஹெச் (ஆம்ப்-அவர், ஆம்ப்ப மணி நேரத்தால பெருக்குன கணக்கு). சாதா லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அப்போ சுக்கானுக்குன்னே 200 ஏஹெச் பேட்டரி. 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாள்ல 60, 70 ஏஹெச் தரும், பாய் நிழல் விழுந்தா அதுவும் போச்சு, இன்னொரு பேனல் வேணும், அத மாட்ட பின்னாடி ஒரு கம்பி ஆர்ச் வேணும், இதுல ஃப்ரிட்ஜ், லைட், ரேடியோ எதையும் இன்னும் சேர்க்கவே இல்ல. லித்தியம் போட்டா பேட்டரி சின்னதாகும், ஆனா எஞ்சின் ஆல்டர்னேட்டர் அது இழுக்குற இழுப்புல சூடாகிப் புகையும், அதுக்குத் தனி சார்ஜர். ஒரு சாமான் வாங்கப் போயி மொத்த கரன்ட் சிஸ்டத்தையும் மாத்துறதுல வந்து நிக்குது. அது போதாதுன்னு எங்களது டில்லர் போட், சக்கரம் கிடையாது, கீழ டிரைவ், அதாவது சுக்கானத் தள்ளுற மோட்டார், மாட்டணும்னா சுக்கான் தண்டுல தனியா ஒரு கை பொருத்தி, அம்பது வருஷ ஃபைபர்ல அதுக்கு ஒரு மேடையும் கட்டணும்.

சரி, டில்லர்ல நேரா மாட்டுற சின்ன டில்லர்பைலட்? விலை கம்மி, கரன்டும் கம்மி. ஆனா அதுல சின்னது 3,000 கிலோ போட்டுக்கு, அடுத்தது 4,500 கிலோவுக்குன்னு போட்டிருக்கான். தண்ணி, டீசல், நங்கூரச் சங்கிலி, அரிசி பருப்பெல்லாம் ஏத்துனா எங்க போட் 6 டன்னத் தாண்டும். போன வருஷம் மலேசியாவுல பங்கோர் தீவு பக்கம் ராத்திரி மழையில எங்க டில்லர்பைலட் உள்ள தண்ணி புகுந்து செத்துப் போச்சு, விடியிற வரைக்கும் நான்தான் ஆட்டோபைலட்.

இப்போ என் கட்சி. 1960ல அட்லாண்டிக்க தனியா கடக்குற முதல் போட்டியிலயே இங்கிலாந்துக்காரங்க ப்ளாண்டி ஹாஸ்லரும் பிரான்சிஸ் சிசெஸ்டரும் காத்துல ஓடுற சுக்கான் வெச்சுதான் போனாங்க. தனியாளா எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்துற கோல்டன் குளோப் போட்டியில இன்னைக்கும் எலக்ட்ரானிக் பைலட்டுக்குத் தடை, 1988க்கு முன்னாடி டிசைன் பண்ண 32லருந்து 36 அடி போட்தான் வரணும், அதாவது எங்க கிழவி மாதிரி. நம்ம கேரளாக்காரர் அபிலாஷ் டோமி அப்படித்தான் 236 நாள்ல உலகத்தைச் சுத்தி 2023ல ரெண்டாவதா வந்தாரு. அதே சமயம் 2018 போட்டியில விண்ட்வேன் உடைஞ்சு பாதியில விலகுனவங்களும் உண்டு, அதையும் சொல்லிடணும்.

விண்ட்வேன்ல ரெண்டு ஜாதி. ஹைட்ரோவேன் மாதிரி தனக்குன்னு சொந்தச் சுக்கான் வெச்சிருக்கறது ஒண்ணு, போட்டோட சுக்கான் உடைஞ்சாலும் அது கரை சேர்க்கும், ஆனா விலையக் கேட்டா தலை சுத்துது. இன்னொண்ணு ஏரீஸ், மானிட்டர் மாதிரி சர்வோ பெண்டுலம், மேல பலகை காத்துக்குச் சாயும், கீழ தண்ணியில தொங்குற துடுப்பு லேசா திரும்பும், ஓடுற தண்ணி அந்தத் துடுப்ப பக்கவாட்டுல தள்ளும், அந்த வேகம் கயிறு வழியா டில்லர இழுக்கும். வேகம் கூடக் கூட பலமும் கூடும், கரன்ட் ஒரு சொட்டு வேண்டாம். டில்லர் போட்ல கயிறு குட்டையா நேராப் போகும், சக்கர போட்டுல சுத்திச் சுத்திப் போயி பாதி இழுப்பு வீணாப் போகும், ஆக எங்களுக்கு இதுதான் செட் ஆகும்.

குறை இல்லையான்னா நிறைய இருக்கு. இது திசையப் பிடிக்காது, காத்தப் பிடிக்கும், நாம தூங்கும்போது காத்து திரும்புனா போட்டும் நைசா கூடவே திரும்பும், கரைக்குப் பக்கத்துல அது ஆபத்து. அடுத்து, காலி போற வழி பூராவும் காத்து பின்னாலருந்து: 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) அடிக்குது, போட் 4 நாட்ல ஓடுதுன்னா பலகைக்குக் கிடைக்கறது மிச்சம் 4 நாட்தான், அதுல அது தூங்கி வழியும். அதுக்கு லேசான ப்ளைவுட்ல பெரிய பலகை ஒண்ணு செஞ்சு வெச்சுக்கணும். பாய சரியா பேலன்ஸ் பண்ணாம, போட் முழுக்க காத்துப் பக்கம் இழுத்துக்கிட்டு நின்னா எந்த விண்ட்வேனாலும் ஒண்ணும் பண்ண முடியாது. உண்மையச் சொன்னா எனக்கு அதுவே பிடிச்சிருக்கு, ஒழுங்கா பாய் கட்டலன்னா அது உடனே காட்டிக் கொடுத்துடும், ஆட்டோபைலட் பேட்டரியத் தின்னுக்கிட்டே நம்ம தப்ப மறைச்சுடும்.

கடைசியில முடிவு என் கட்சியும் இல்ல அவன் கட்சியும் இல்ல. செகண்ட் ஹேண்ட் சர்வோ விண்ட்வேன் ஒண்ணு, கூட இருக்கறதுலயே சின்ன டில்லர்பைலட் ரெண்டு, ஒண்ணு ஸ்பேர். அந்த டில்லர்பைலட்ட டில்லர்ல மாட்டாம, விண்ட்வேனோட பலகை இருக்குற இடத்துல மாட்டணும். அது தள்ள வேண்டியது ஒரு விரல் பலம்தான், மீதி பாரத்தத் தண்ணி இழுத்துக்கும், எஞ்சின்ல போகும்போதும் டிகிரி பிடிச்சு ஓடும், 6 டன் கணக்கெல்லாம் இங்க வராது. விண்ட்வேன் எடையும் 30 கிலோ பக்கம் பின்னாடி ஏறுது, அதனால பின்பக்கம் உள்ளாற தடிமனா பிளேட் வெச்சு போல்ட் போடணும், துளை போடும்போது ஈரத்தூள் வருதான்னு பாக்கணும், வந்தா உள்ள தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு மேல ரெண்டு துளையில வந்துச்சு, அத நோண்டி காய வெச்சு எபாக்ஸி அடைக்கவே ஒரு வாரம் ஓடிருச்சு.

இப்போ புதுச் சண்டை என்னன்னா, அவன் வெல்டர்ட்ட சொல்லி சோலார் ஆர்ச்சுக்கு அளவு எடுத்துட்டான், விண்ட்வேன் பலகை சாயிற இடத்துல சரியா அந்தக் கம்பி வந்து நிக்குது.